மணிலாவில் கை நனைக்கக் கூடாது

மணிலாவில் ஒரு வீட்டுக்கு மத்தியானம் போய்ச் சேர வேண்டும் என்றால் விடியவே வெளிக்கிட வேண்டும். இதை எனக்கு ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். சிட்னி றோட்டில் முப்பது வருடமாக ஸ்ரியரிங் பிடித்தவன் நான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சிட்னிக்கு வந்து இரவில் ராக்ஸி ஓடினேன். பிறகு ஒரு பழைய வான் வாங்கி எயார்போட்டுக்கு ஆள் ஏற்றினேன். இன்றைக்கு வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷன் பக்கத்துக் கடையில் இருந்து நீங்கள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் என் பெயர் எழுதிய வான் ஒன்றாவது உங்களைக் கடந்து போகும். பதினொரு வான் நிற்கிறது. பட்டம் படித்த பெடியள் இரண்டு பேர் என்னிடம்தான் சம்பளம் வாங்குகிறார்கள். ஆகவே போக்குவரத்தைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னால் அதில் விசயம் இருக்கும்.

மணிலாவுக்குப் போன காரணம் என் மகன் ஜெறோம். ஆஸ்பத்திரியில் நேர்சாக வேலை செய்கிற மாரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பிள்ளை பிளாக்டவுனில் இருக்கிறாள், தாய் தகப்பன் மணிலாவில். எங்களைப் போல அவர்களும் கத்தோலிக்கர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மெல்பேர்ணில் ஒரு பல் டொக்டர், எங்கள் ஊர் ஆள், தன் மகளைத் தரத் தயாராக இருந்தார். எழும்பி வந்த மனிதனுக்கு எழும்பி நிற்கிற சம்பந்தி வேண்டாமா? போய்ப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொன்னேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் ஓம் என்று சொல்லும் வரைக்கும் கை நனைக்கக் கூடாது. சோடா குடிக்கலாம், தேத்தண்ணிக்கும் குற்றமில்லை. சோற்றில் கை வைத்தால் அது சம்மதம். அதற்குப் பிறகு வாய் என்ன சொன்னாலும் எடுபடாது. பிளேனில் ஏறி இருந்த உடனேயே மனைவி றெஜினாவுக்கும் மகனுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொன்னேன்.

"போவம், சனத்தைப் பாப்பம். ஆனால் ஒருத்தரும் அங்கை கை நனைக்கக் கூடாது. விளங்குதோ?"

றெஜினா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்கள் நனைக்காமல் இருந்தால் காணும்" என்றாள்.

முதல் நாளே எரிச்சல் தொடங்கிவிட்டது. எயார்போட்டில் இருந்து ஹோட்டல் தூரமில்லை. போனில் பார்த்தால் வென்ட்வேர்த்வில்லில் இருந்து பிளாக்டவுன் போகிற அளவுதான். என் வான் என்றால் கதை ஒன்று தொடங்கி முடிவதற்குள் போயிருக்கும். இங்கே நாங்கள் ஒரே பாலத்துக்கு அடியில் அவ்வளவு நேரம் நின்றதில் அந்தப் பாலத்தின் வெடிப்புகள் எல்லாம் எனக்குப் பாடம். றோட்டில் லேன் கோடு போட்டிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. மூன்று லேனில் ஐந்து வரிசை வாகனம். மிச்ச இடைவெளியில் மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் தண்ணிப் போத்தலும் வேர்க்கடலையும் விற்கிறவன் நடந்து வருகிறான்.

ராக்ஸிக்காரர் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் தொங்கிய செபமாலையை ஒருக்கா தொட்டுவிட்டு, "ட்ரபிக், சேர்" என்று சிரித்தார். அந்தச் சந்தியால் திருப்புங்கள் என்று வழி சொல்லிக் கொடுத்தேன். "யெஸ் சேர்" என்றார், நேரே போனார். அடுத்த சந்தியிலும் சொன்னேன். அதற்கும் "யெஸ் சேர்." எதிர்த்துக் கதைக்கிற ட்ரைவரைச் சமாளிப்பேன். எல்லாவற்றுக்கும் யெஸ் என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போகிற மனிதனை என்ன செய்வது?

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்பகெட்டியில் சீனி போடுகிறார்கள். பாணில் சீனி. சிவப்பாகக் கிடந்த ஒரு சொசேச்சை உறைப்பாக்கும் என்று ஆசையோடு கடித்தேன், அதிலும் சீனி. கொச்சிக்காய் கேட்டால் பரிசாரகப் பிள்ளை குசினிக்குப் போய் இரண்டே இரண்டு சின்னக் கொச்சிக்காயை ஒரு தட்டில் வைத்து, மருந்து கொண்டுவருவது போலக் கொண்டுவந்தாள். சோற்றைக் கோப்பையில் அமுக்கிக் கவிழ்த்து வைக்கிறார்கள். வளர்ந்த மனிதனுக்கு அது காணுமா என்று கேட்டேன். சோறு எவ்வளவும் கேட்கலாம் சேர், காசில்லை என்றாள். பரமட்டாவில் ஒரு கரண்டி சோறு கூடக் கேட்டால் பில்லில் ஏற்றுகிற கடைகளை நினைத்துக்கொண்டேன். இந்த ஒரு விசயத்தில் மணிலாவுக்குப் புள்ளி போடலாம்.

இரண்டாம் நாள் ஞாயிறு. பூசைக்குப் போக வேண்டும் என்றேன். ஹோட்டல்காரர்கள் ஷொப்பிங் மோலுக்கு வழி காட்டினார்கள். பகிடி விடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையாகவே மோலுக்குள் பூசை நடக்கிறது. வாசலில் துவக்கு வைத்திருந்த காவல்காரன் றெஜினாவின் கைப்பையைத் தடியால் கிளறிப் பார்த்துவிட்டு "குட் மோர்னிங்" சொன்னான். மேலே நகரும் படியில் சனம் சாமான் பையோடு போகிறது, கீழே சுவாமியார் பிரசங்கம் வைக்கிறார். ஆனால் பாட்டு வந்தபோது மோல் முழுக்கப் பாடியது. சப்பாத்துக் கடையில் நின்ற பிள்ளையும் பாடினாள். றெஜினா கண்ணைத் துடைத்தாள். நான் சப்பாத்து விலை பார்த்தேன்.

அன்று பின்னேரம் ஜெறோம் எங்களை ஜீப்னியில் ஏற்றினான். முன்னுக்கு ஜீப், பின்னுக்கு எங்கள் பக்கத்துப் பழைய தட்டிவான் பஸ், அப்படி ஒரு வாகனம். பின்பக்கத்தால் ஏறி எதிரெதிராக இருக்கிற இரண்டு நீள வாங்கில் இருக்க வேண்டும். ஏறுவதற்கு முதல் பெரிய வரிசை. குடை பிடித்துக்கொண்டு, முணுமுணுக்காமல், வெய்யிலில் நிற்கிறார்கள். நான் வயது போனவன் என்று முன்னுக்குப் போனேன். ஒரு பெண் என் முழங்கையை மெல்லப் பிடித்து, மரியாதையாக, வரிசையின் வாலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

ட்ரைவரின் ஓட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு நேர் பின்னால் போய் இருந்தேன். அது பிழையான இடம். ஜீப்னியில் கொண்டக்டர் கிடையாது. கடைசியில் இருக்கிறவர் காசைப் பக்கத்தவரிடம் கொடுக்கிறார், அது கை மாறிக் கை மாறி முன்னுக்கு வருகிறது. முன்னுக்கு இருப்பவன் நான். "பயாட் போ" என்று முதுகில் தட்டுகிறார்கள். பயாட் என்றால் பயணக் காசு, போ என்பது மரியாதைக்குப் போடுவது. காசை ட்ரைவரிடம் கொடுக்க, அவர் திரும்பிப் பார்க்காமலே மிச்சத்தைத் தோளுக்கு மேலால் நீட்டுகிறார். அதை நான் பின்னுக்கு அனுப்ப வேண்டும். பதினொரு வானின் முதலாளி, மணிலாச் சனம் முழுக்கவிடமும் காசு வாங்கிக் கொடுத்துக்கொண்டு போனேன். மகன் போனில் படம் பிடித்தான்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஒருவரும் ஏமாற்றவில்லை. என் வான்களில் காட் தட்டுகிற மெசின் பூட்டியும் கணக்குப் பிசகுகிறது.

இறங்கிய பிறகுதான் ஜெறோம் சொன்னான், மாரிசெல்லின் தகப்பன் ஓடுவதும் ஜீப்னிதான் என்று. எத்தனை ஜீப்னி என்று கேட்டேன். ஒன்று என்றான். அன்றிரவு பல் டொக்டரின் முகம் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வந்தது.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் பயணம். மறிக்கினா என்ற இடம், நகரத்தின் அடுத்த கரை. வயிறு நிறைய இருந்தால் கை தானாக அடங்கும் என்று காலையில் ஹோட்டலில் மூன்று கோப்பைச் சோறும் கருவாட்டுப் பொரியலும் முட்டையும் சாப்பிட்டேன். கருவாட்டை வினாகிரியில் தோய்த்துக் காலையிலேயே சாப்பிடுகிற சனம். அதில் நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த மூன்று கோப்பையும் பெரிய றோட்டிலேயே செமித்து முடிந்துவிட்டது. பஸ் ஒன்று குறுக்கே நின்றது. அது விலக மழை வந்தது. மழை விட, ஒரு பள்ளத்தில் தண்ணி நின்று கார்கள் எல்லாம் எருமை போல யோசித்துக்கொண்டு நின்றன. நான் ராக்ஸிக்காரருக்கு வழி சொல்வதை விட்டுவிட்டேன். றெஜினா மடியில் ஒரு தகரப் பெட்டியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிட்னியில் அவள் சுட்ட பயத்தம் பணியாரம். பெட்டி திறக்காமலே மணத்தது.

"ஒண்டு தாவன்" என்றேன்.

"இது அவையளுக்கு."

பின்னேரம் ஆகிவிட்டது போய்ச் சேர. ஒழுங்கை முகப்பில் ஒரு ஜீப்னி கழுவித் துடைத்து நின்றது. நெற்றியில் பெரிய எழுத்தில் பெயின்ற் அடித்திருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மாரிசெல் என்றிருந்தது. நான் என் வான்களில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த மனிதன் மகளின் பெயரை எழுதியிருந்தான். எழுத்துக் கொஞ்சம் கோணல், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகப்பன் றூடி, என் வயது, தடித்த கை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட். தாய் நேனா. லீவு எடுத்து எங்களுக்கு முதலே வந்திருந்த மாரிசெல்லும் கூட நின்றாள். ஒழுங்கைச் சனம் முழுக்க அங்கேதான் நின்றது. பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்தார்கள். பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்குகிற முறையாம். சிட்னியில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் போனில் இருந்து கண் எடுக்காமல் "ஹாய்" சொல்கிற காலத்தில் இது எனக்குப் பிடித்தது. றெஜினா தகரப் பெட்டியை நேனாவின் கையில் கொடுத்தாள். திறந்து பார்த்த நேனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சனம் கை தட்டியது. றூடி என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினான். பயத்தம் பணியாரத்துக்கு அழுகிற சனத்தை அன்றுதான் கண்டேன்.

முற்றத்தில் நீள மேசை. அதில் வாழையிலையை முழுசாக விரித்து, நடுவில் சோற்றை வரம்பு போல நீளமாகக் கொட்டி, மேலே சுட்ட மீன், இறால், வினாகிரி விட்டுச் சமைத்த பன்றி இறைச்சி, தக்காளி, உப்பு முட்டை. கரண்டி இல்லை. எல்லோரும் சுற்றி நின்று கையால் சாப்பிடுவதாம். ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாங்கள் சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்றேன் இங்கிலிசில். என் வயிறு அந்த நேரம் பார்த்துச் சத்தம் போட்டது.

நேனா உள்ளே ஓடி நூடில்ஸ் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். புளி ரசம் போல ஒன்று வந்தது. வேண்டாம் என்றேன். மகன் என்னைப் பார்க்கவில்லை, வாழையிலையைப் பார்த்தான். அவனும் தொடவில்லை. மாரிசெல் தாயின் காதில் ஏதோ சொன்னாள். நேனா என்னை இரக்கமாகப் பார்த்துவிட்டுத் திரும்பக் குசினிக்குள் போய்விட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. றூடி சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றது.

முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி நான் பின்பக்கம் போனேன். போகிற வழி குசினி. நேனா நல்ல சட்டையோடு அடுப்படியில் நின்று வேர்த்து ஒழுக ஒரு சட்டியைக் கிண்டினாள். இஞ்சி வாசம். மாரிசெல் பக்கத்தில் நின்றாள். யாருக்கு என்று கேட்டேன். அவள் சொன்னது இங்கிலிசில், நான் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்குத்தான் அங்கிள். கஞ்சி. உங்களுக்கு வயிற்றுக்குள் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்."

"என் வயிற்றுக்கு என்ன குறை?"

"ஒன்றுமில்லை. ஓம் சொல்லும் வரைக்கும் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று ஜெறோம் சொன்னவர். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்தினாள். "எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது அங்கிள். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் சாப்பாடு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்தால் அது பெண் கேட்டு வந்ததுதான். அன்ரி அந்தப் பெட்டியைக் கொடுத்த உடனே நீங்கள் கேட்டாகிவிட்டது. அப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால், பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன மாதிரி. அதுதான் வயிறு என்று சொன்னேன். வயிறு சரியில்லாதவர் ஒருவரையும் அவமதிப்பதில்லை."

"நான் வேண்டாம் எண்டு முடிவெடுத்தால்?"

"சிட்னிக்குப் போய்ப் போனில் சொல்லுங்கள். இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு அப்பா வேலைக்குப் போகாமல் நிற்கிறார்."

கெஞ்சவில்லை, அழவில்லை. சட்டிக்குள் உப்புப் பார்த்தாள்.

என் தொழிலில் பெரிய தலையிடி வான் இல்லை, சனம்தான். பிளேனைத் தவற விட்டவன் ஒரு பக்கம் கத்துவான், ட்ரைவர் மறுபக்கம் கத்துவான். இரண்டு பக்கத்தையும் மரியாதை கெடாமல் வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த ஒரு ஆளைத் தேடி எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்து நிற்பாட்டியிருக்கிறேன். பட்டம் இருந்தது, அந்தப் புத்தி இல்லை. இந்தப் பிள்ளையோ என்னைப் பொய்க்காரன் ஆக்காமல் எனக்காகத் தான் பொய் சொல்லிவிட்டு நிற்கிறாள்.

முற்றத்துக்கு வந்து இருந்தேன். நேனா கஞ்சியை ஊதி ஊதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கரண்டியும் வைத்தாள். யோசித்துப் பார்த்தால் அதுவே நல்ல வழி. கஞ்சி மருந்து, கரண்டியால் குடித்தால் கை நனையாது, எங்கள் வழக்கமும் தப்பும், அவர்கள் மானமும் தப்பும். சிட்னிக்குப் போய் ஆறுதலாக முடிவு சொல்லலாம். இரண்டு கரண்டி குடித்தேன். நேனா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஞ்சி கூடிவிட்டதோ என்று மகளிடம் கேட்டாள். றூடி தன் மேசையில் ஆறிக்கொண்டிருந்த மீனைப் பார்க்காமல் ஒழுங்கை முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சும்மா நின்ற தன் வாகனத்தைப் பார்த்தானோ என்னவோ.

கரண்டியை வைத்தேன். சேட் கையை மடித்தேன். மேசைக்குப் போய் மீனின் நடுத்துண்டைப் பிய்த்து, சோற்றோடு குழைத்து, வாயில் வைத்தேன்.

ஒழுங்கை முழுக்க ஒரே பாய்ச்சலாக மேசையில் விழுந்தது. யாரோ பாட்டு மெசினைப் போட்டார்கள். றூடி இறாலில் பெரியதாகப் பார்த்துத் தோல் உரித்து என் பக்கம் தள்ளினான்.

"வயித்துக்குச் சுகமோ?" என்று றெஜினா கேட்டாள்.

"கஞ்சி நல்ல மருந்து."

அவள் மகனைப் பார்த்தாள். "தம்பி, நீயும் சாப்பிடு. அப்பா நனைச்சிட்டார்." பிறகு எனக்கு மட்டும் கேட்க, "அந்தப் பல் டொக்டருக்கு நீங்கள்தான் போன் எடுக்க வேணும், நான் எடுக்க மாட்டன்" என்றாள்.

திரும்பிப் போக ராக்ஸி ஒன்றும் வர ஒத்துக்கொள்ளவில்லை. றூடி தன் ஜீப்னியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஏற்றினான். மாரிசெல்லும் கூட வந்தாள். ஓட்டத்தைப் பார்க்க நான் அவனுக்கு நேர் பின்னால் இருந்தேன், பழக்கதோசம். பக்கத்தில் இருந்த றெஜினாவிடம், பெட்டியின் விசயம் முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

"தம்பி பணியாரம் சுடச் சொன்னவன், சுட்டனான்" என்று வெளியே பார்த்தாள்.

சந்தியில் மழைக்குள் சனம் வரிசையாக நின்றது. இது இன்றைக்கு ஓட்டமில்லை என்று றூடியால் சொல்ல முடியவில்லை. நிறுத்தினான். ஏறினார்கள். இரண்டு வாங்கும் நிறைந்தது. பிறகு வழமைப்படி ட்ரபிக். ஒரு லேனுக்குள் மூன்று வாகனம், நடுவில் வேர்க்கடலைக்காரன், நாங்கள் ஒரு முழம் போய் இரண்டு முழ நேரம் நின்றோம். கலியாணத்துக்கு இன்னொரு முறை இந்த றோட்டில் வர வேண்டுமே என்று நினைக்கத் தலையிடித்தது. பொறுக்க முடியாமல் மாரிசெல்லிடம் சொன்னேன், கலியாணத்தன்று கோயிலுக்குப் போகிற வாகனத்தை நான்தான் ஓடுவேன், தகப்பனிடம் சொல் என்று.

அவள் சொன்னாள். றூடி றோட்டில் இருந்து கண் எடுக்காமல் நீளமாக ஏதோ சொன்னான். ஜீப்னி முழுக்கச் சிரித்தது. என்னவாம் என்று கேட்டேன்.

"சரி என்று சொல்கிறார், அங்கிள்."

சரி என்று சொல்ல இவ்வளவு சொல் எதற்கு, சனம் ஏன் சிரித்தது என்று நான் கேட்கவில்லை. முதுகில் யாரோ தட்டினார்கள். காசை வாங்கிச் சம்பந்தியின் கையில் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமலே மிச்சத்தைத் தோளுக்கு மேலால் நீட்டினார்.